கட்டியெல்லாம் புற்றாகுமா?

நோய்கள் பலவும் உடலை வருத்திய பின்னரே உள்ளத்தை வருத்துகின்றன. புற்றுநோயோ, பெயரைச் சொன்ன மாத்திரத்திலேயே உள்ளத்தை வருத்தத் தொடங்கிவிடுகிறது. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 லட்சத்து 70 ஆயிரம் பெண்கள் இதனால் உயிர் நீத்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே, மார்பகத்தில் சிறு கட்டியொன்று தட்டுப்பட்டதும் ஒரு பெண் அஞ்சி நடுங்குவதில் வியப்பில்லை.

ஆனால், அச்சம் நல்ல வழிகாட்டி அன்று. அச்சம் மிகுந்தால் மனிதர் இரண்டில் ஒன்றைச் செய்வர். கட்டி இருப்பதையே பிறர் அறியாமல் மறைத்து வைப்பர். அல்லது, வேண்டாத அறுவைக்கும் விரைந்து இணங்குவர். இரண்டும் தீங்கு பயப்பனவே. மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. எனினும், 'இது புற்று அன்று' என்று மருத்துவர் சொன்ன பிறகும் நோயாளியின் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. 'இன்று புற்று அன்று, சரி. நாளை இது புற்றாக மாறுமோ?' என்பதே அவ்வினா.

முதல் வினாவுக்கு விடை கூற மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். இரண்டாவது வினாவுக்குத் தெளிவான விடை 1985ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அவ்விடையைத் தேடித் தந்தவர்களுள் தலையாயவர் டேவிட் பேஜ் என்னும் நோயியல் அறிஞர். அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டியவை என்பதற்கு அவருடைய பணி சிறந்த சான்று. அதனைப் பற்றியே மாணவர்களாகிய உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

நோயியல் அறிஞர் என்பவர் யார்? மருத்துவமனையில் நாம் காண்பவர்கள் உடலைச் சோதிக்கும் மருத்துவரும், அறுவை செய்யும் மருத்துவரும், செவிலியரும் ஆவர். இவர்களுக்குப் பின்னால், நோயாளியின் கண்ணில் படாமல், மற்றொரு மருத்துவர் இருக்கிறார். பத்தாலஜிஸ்ட் என்று மருத்துவமனைகளில் வழங்கப்படுபவர் அவரே. நோயாளிக்கு அவர் மருந்து எழுதித் தருவதில்லை. அறுவை செய்வதும் இல்லை. எனினும், அவர் எழுதும் இரண்டு வரிகளைக் கொண்டுதான் மற்றவர்கள் மருந்தையும் கத்தியையும் எடுக்கிறார்கள்.

கட்டியிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்கு அவரிடம் வந்து சேருகிறது. இவ்வாறு எடுத்துச் சோதிப்பதையே பயாப்ஸி என்பர். துணுக்கு அழுகிவிடாமல் இருக்கும்பொருட்டு அதனைப் பார்மலின் நீரில் இடுகின்றனர். பிறகு அதிலுள்ள நீரை அகற்றி, உருக்கிய மெழுகில் தோய்த்து, மெழுகுக் கட்டியாக இறுகச் செய்கின்றனர். மைக்ரோடோம் என்னும் கருவியின் கூரிய அலகு அம்மெழுகுக் கட்டியை ஏடு ஏடாகச் சீவுகிறது. ஒவ்வோர் ஏட்டின் கனமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் அதில் நான்கைந்து பங்குதான் இருக்கும். அந்த ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மெழுகை நீக்கி, இரண்டு சாயங்களில் தோய்ப்பர். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து பெறப்படும் ஹெமடாக்ஸிலின் என்னும் சாயம் உயிரணுவின் கருவை நீலநிறமாக்கும். இயோசின் என்னும் மற்றொரு சாயம் எஞ்சிய பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். இப்போது நுண்ணோக்கியின் அடியில் அத்தகட்டை வைத்துப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓர் உலகம் அங்கே விரிகிறது.

மார்பகத்தின் உள்ளமைப்பை ஒரு மரத்துக்கு ஒப்பிடலாம். இலைக்கொத்துகள் போலப் பால் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. கிளைகள் போலப் பாலைக் கொண்டு செல்லும் நாளங்கள் உள்ளன. அந்நாளங்களின் உட்சுவரை இரண்டு அடுக்கு உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. இவற்றைச் சூழ்ந்து நாரும் கொழுப்பும் இருக்கின்றன. மாதந்தோறும் உடலில் ஏறி இறங்கும் உள்ளூறு நீர்களான ஹார்மோன்களுக்கு ஏற்ப இவையனைத்தும் மாறுதல் அடைந்துகொண்டே இருக்கும். எனவே, சில இடங்களில் நீர் தேங்கிச் சிறு பைகள் உண்டாவதும், சில இடங்களில் நார் தடித்துப்போவதும் பெண்களிடையே மிகச் சாதாரணமாக நிகழ்பவை.

இத்தகைய மாறுதல்கள் அனைத்தையும் மருத்துவர்கள் முன்னாளில் ஒரே பெயரால் சுட்டி வந்தனர். 'பைப்ரோசிஸ்டிக் நோய்' என்பது அப்பெயர். நாரும் நீர்ப்பையும் கூடிய நோய் என்பது அதன் பொருள். அப்பெயரில் ஒரு கேடு ஒளிந்திருந்தது. இயல்பான மாறுதலும், சற்றே ஐயத்துக்குரிய மாறுதலும், உண்மையிலேயே கவனிக்கத்தக்க மாறுதலும் அந்த ஒரே மூட்டைக்குள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அந்நோய் உடையவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு மிகுதி என்று நூல்கள் கூறின. அதனைக் கேட்ட பெண்கள் பலர் வாழ்நாள் முழுதும் கவலையில் ஆழ்ந்தனர். சிலர் நோய் வருமுன்னரே மார்பகங்களை அகற்றிக்கொள்ளவும் துணிந்தனர். 1982ஆம் ஆண்டில் சூசன் லவ் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை எழுதினர். 'நோய்' என்று சொல்லப்படும் இம்மாறுதல்கள் நுண்ணோக்கியில் பார்த்தால் நூற்றுக்கு 90 பெண்களிடம் காணப்படுவன. நூற்றுக்கு 90 பேரிடம் இருப்பதை நோய் என்று அழைப்பது தகுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

கேள்வி கூரியது. ஆனால், கேள்வியால் மட்டும் மூட்டை பிரிந்துவிடாது. அதனை அவிழ்த்து, உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னது, அது இன்னது என்று இனம் பிரிக்கும் பொறுமையுடையார் ஒருவர் வேண்டும். பேஜ் அப்பணியை மேற்கொண்டார்.

அவர் கையாண்ட முறை எளியது போலத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். மருத்துவமனைகளில் பழைய கண்ணாடித் தகடுகளை எறிந்துவிடாமல் சேமித்து வைப்பது வழக்கம். நாஷ்வில் நகரத்து மூன்று மருத்துவமனைகளில் 1950களிலும் 1960களிலும் கட்டிகளைச் சோதித்து, 'புற்று அன்று' என்று தீர்ப்பளிக்கப்பட்ட தகடுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இருந்தன. பேஜும் அவருடன் பணியாற்றியவர்களும் அத்தகடுகள் அனைத்தையும் மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்தினர். பின்னர், புள்ளியியல் அறிஞரான வில்லியம் டூபான்ட் அவர்களின் துணையோடு, அப்பெண்களுள் தேர்ந்தெடுத்தவர்களை நாடிச் சென்றனர். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஊர் மாறியவர்கள் உண்டு, திருமணத்தால் பெயர் மாறியவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. எனினும், தேடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 84 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது. இவ்வாறு 3,303 பெண்களின் பிற்கால வாழ்வு கணக்கில் வந்தது. சராசரியாகச் சொன்னால், ஒவ்வொருவரையும் பற்றி 17 ஆண்டுகளின் வரலாறு அறியப்பட்டது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். விதையைப் பார்த்து அது எவ்வாறு முளைக்கும் என்று ஊகித்துக் கூறுதல் ஒரு முறை. விதைத்துக் காத்திருந்து, முளைத்ததைக் கண்டபின் விதையின் இயல்பைக் கூறுதல் மற்றொரு முறை. அவருக்கு முன்பிருந்தோர் பலர் தோற்றத்தைக் கொண்டே ஊகித்தனர். பேஜ் தகட்டில் கண்ட தோற்றத்தையும், அத்தகட்டுக்கு உரிய பெண்ணின் பிற்கால வாழ்வையும் ஒருங்கே வைத்து நோக்கினார். தோற்றத்துக்குப் பொருள் தருவது பின்விளைவே என்பது அவர் கொண்ட கொள்கை.

அவர் அம்மாறுதல்களை மூன்று வகைகளாகப் பிரித்தார். முதல் வகை, உயிரணுக்கள் பெருக்கமடையாத மாறுதல்கள். நீர்ப்பைகள் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வகை, நாளத்தின் உள்ளே உயிரணுக்கள் இரண்டடுக்கைக் கடந்து பெருகியிருந்தும் இயல்பு திரியாதவை. மூன்றாவது வகை, பெருகியதோடு இயல்பும் திரிந்தவை.

இரண்டாவது வகையையும் மூன்றாவது வகையையும் பிரித்தறிவது எப்படி? இதில் ஒரு விந்தை உண்டு. ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பது தீயது, வரிசையாக அமைந்திருப்பது நல்லது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அது தலைகீழ். திருவிழாக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். முதியவரும் சிறுவரும், நெட்டையரும் குட்டையரும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்பர். அவர்களிடையே உள்ள இடைவெளிகள் கோணல்மாணலாக இருக்கும். தீங்கற்ற பெருக்கம் இத்தகையது. அதில் உயிரணுக்கள் வடிவிலும் அளவிலும் வேறுபட்டிருக்கும். இடையிலுள்ள துளைகள் நீண்டும் வளைந்தும் கிடக்கும். இயல்பு திரிந்த பெருக்கத்திலோ, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற உயிரணுக்கள் சம இடைவெளி விட்டு நிற்கும். துளைகளும் கருவியால் குத்தி எடுத்தாற்போல வட்டமாக இருக்கும். ஒரே உயிரணுவின் சந்ததி மற்றவற்றை விலக்கிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் ஒழுங்கு அது. இந்த ஒழுங்கைக் கண்டால்தான் நோயியல் அறிஞர் கவலை கொள்கிறார்.

ஆராய்ச்சியின் முடிவுகள் 1985ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. அவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். பயாப்ஸி செய்துகொண்ட பெண்களுள் நூற்றுக்கு 70 பேர் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு, அதே வயதுடைய பிற பெண்களுக்கு இருப்பதைக் காட்டிலும் மிகுதியாக இல்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர் இரண்டாவது வகையினர். முதல் வகையினரோடு ஒப்பிட, இவர்களுக்கு வாய்ப்பு 1.9 மடங்கு. நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரே மூன்றாவது வகையினர். இவர்களுக்கு வாய்ப்பு 5.3 மடங்கு. மூன்றாவது வகையினருள் தாய், உடன்பிறந்தாள் போன்ற நெருங்கிய உறவினருக்குப் புற்று வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்களாயின், வாய்ப்பு 11 மடங்காக உயர்ந்தது.

நூற்றுக்கு 70 பேர் என்பது எத்தனை பெரிய விடுதலை என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பெயரால் அச்சுறுத்தப்பட்டு வந்தவர்களுள் பெரும்பாலார் அஞ்ச வேண்டாதவர்கள் என்று தெரிந்தது. அதே சமயத்தில், எவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அமெரிக்க நோயியல் மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்திணக்க அறிக்கை இந்த மூவகைப் பிரிவை ஏற்றுக்கொண்டது. 'நோய்' என்னும் சொல்லை விட்டு, 'மாறுதல்' என்று வழங்குமாறும் அது பரிந்துரைத்தது. ஒரு சொல்லை மாற்றியதில் என்ன பயன் என்று கேட்கலாம். நோயாளியிடம் மருத்துவர் உரைக்கும் சொல்லுக்கு மருந்தின் வலிமையும் உண்டு, நஞ்சின் வலிமையும் உண்டு. தவறான சொல்லை நீக்கியது ஒரு நஞ்சை நீக்கியதற்கு ஒப்பாகும்.

இங்கே கணக்கு பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். 'ஐந்து மடங்கு' என்று கேட்டவுடன் நெஞ்சம் திடுக்கிடும். ஆனால் எதற்கு ஐந்து மடங்கு என்று கேட்பதே அறிவுடைமை. சிறு தொகையின் ஐந்து மடங்கு சிறிதாகவே இருக்கலாம். இவ்வாராய்ச்சியில், இயல்பு திரிந்த பெருக்கம் இருந்து, குடும்பத்தில் எவருக்கும் நோய் இல்லாத பெண்களுள் 15 ஆண்டுகளில் புற்று வந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். குடும்பத்திலும் நோய் இருந்தவர்களுள் நூற்றுக்கு 20 பேர். அதாவது, மிகுந்த கவனத்துக்குரிய அந்தக் கூட்டத்திலும் நூற்றுக்கு 80 பேர் 15 ஆண்டுகள் அந்நோயின்றி வாழ்ந்தனர். மடங்கையும் தொகையையும் சேர்த்துச் சொல்லுவதே நேர்மையான கணக்கு. மடங்கை மட்டும் சொல்லி அச்சுறுத்துவதும் பிழை. தொகையை மட்டும் சொல்லி அலட்சியப்படுத்துவதும் பிழை.

பேஜின் பழந்தகடுகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. 'புற்று அன்று' என்று முன்னாளில் தீர்ப்பளிக்கப்பட்ட தகடுகளுள் 28 பெண்களுடையவை, பிற்கால அளவுகோலின்படி பார்த்தால், நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்கப் புற்றாக இருந்தன. அக்காலத்தில் அது இன்னதென்று அறியப்படாமையால் அப்பெண்களுக்குப் பயாப்ஸிக்கு மேல் சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை. எவரும் வேண்டுமென்று செய்ததன்று; காலத்தின் அறியாமை. அவர்களுடைய பிற்கால வரலாற்றைப் பேஜும் அவருடைய குழுவினரும் முதலில் 1982ஆம் ஆண்டிலும், பின்னர் 2005ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். 28 பேருள் 11 பேருக்கு நாளத்தைக் கடந்து பரவும் புற்று பிற்காலத்தில் தோன்றியது. அப்பதினொருவருக்கும் அது முன்பு பயாப்ஸி செய்த அதே மார்பகத்தில், அதே பகுதியில்தான் தோன்றியது. எழுவருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் தோன்றியது; மூவருக்கோ 23 முதல் 42 ஆண்டுகள் கழித்துத் தோன்றியது. அந்நோயின் மெல்லிய வகை எத்துணை மெதுவாக நடைபோடுகிறது என்பதையும், மெதுவாக நடப்பதனாலேயே அதனைப் புறக்கணித்துவிடலாகாது என்பதையும் இந்த 28 பெண்களின் வாழ்வு மருத்துவ உலகுக்குக் கற்பித்தது. ஐவர் அந்நோயாலேயே இறந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. புள்ளிவிவரம் என்று நாம் படிக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பத்தின் துயரமாகவோ ஆறுதலாகவோ இருந்ததாகும்.

இதுவரை ஆராய்ச்சியைப் பற்றிக் கூறினேன். இனிக் கற்பித்தலைப் பற்றிக் கூறவேண்டும். ஒருவர் கண்ணுக்கு மட்டும் புலப்படும் உண்மையால் உலகுக்குப் பயன் சிறிதே. நாஷ்வில் நகரத்தில் பேஜ் கண்டதை மற்றோர் ஊரிலுள்ள மருத்துவரும் அவ்வாறே காணவேண்டும். இல்லையேல், ஒரே பெண்ணின் ஒரே தகடு ஓரிடத்தில் தீங்கற்றது என்றும், மற்றோரிடத்தில் புற்று என்றும் சொல்லப்படும். இது வெறும் கற்பனை அன்று. 1991ஆம் ஆண்டில் ஹுவான் ரோசாய் என்னும் புகழ்பெற்ற நோயியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஐயத்துக்கிடமான 17 மார்பகத் திசுக்களின் தகடுகளை இத்துறையில் வல்ல ஐவரிடம் காட்டினார். ஐவரும் அவரவர் வழக்கமான அளவுகோல்களைக் கொண்டே பார்த்தனர். 17 தகடுகளுள் ஒன்றிலேனும் ஐவரும் ஒரே தீர்ப்பைக் கூறவில்லை.

ஆசிரியத் தொழிலில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒரே விடைத்தாளை ஐந்து ஆசிரியர்களிடம் தனித்தனியே கொடுத்தால் ஐந்து வகை மதிப்பெண்கள் வரும். அதனாலன்றோ பொதுத் தேர்வுகளில், தாள் திருத்தத் தொடங்குமுன் தலைமைத் தேர்வாளர் ஆசிரியர்களைக் கூட்டி, இன்ன விடைக்கு இன்ன மதிப்பெண் என்று குறிப்பு வகுத்து, மாதிரித் தாள்கள் சிலவற்றை எல்லாரும் கூடித் திருத்திப் பார்க்கச் செய்கிறார்! ஆசிரியர்களின் நேர்மையில் ஐயம் கொண்டு செய்வதன்று. அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்வது.

பேஜ் செய்ததும் இதுவே. தம் கண்ணின் பழக்கத்தை எழுத்தில் வடித்தார். எடுத்துக்காட்டாக ஒன்று கூறுகிறேன். இயல்பு திரிந்த பெருக்கத்துக்கும் நாளத்துக்குள் அடங்கிய மெல்லிய தொடக்கப் புற்றுக்கும் இடையே எல்லை எங்கே? புற்றுக்குரிய அடையாளங்கள் அனைத்தும் குறைந்தது இரண்டு நாளங்களையேனும் முழுமையாக நிரப்பியிருந்தால்தான் அதனைப் புற்று என்று கூறலாம். அதற்குக் குறைந்தால் இயல்பு திரிந்த பெருக்கம் என்றே கூறவேண்டும் என்று அவர் வரையறுத்தார். எவரும் எண்ணிப் பார்த்துச் சொல்லத்தக்க விதி இது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து அறிஞர் தாமஸ் ஆண்டர்சனோடு சேர்ந்து அவர் இயற்றிய மார்பகத் திசுநோயியல் பாடநூல் 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்வெழுத்து பயன் தந்ததா? 1992ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்னிட் என்பவரும் தோழர்களும் மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 24 தகடுகளை அறுவர் பார்த்தனர். ஆனால், பார்க்குமுன் பேஜ் வகுத்த விதிகளின் சுருக்கமும், பயிற்சிக்கான மாதிரித் தகடுகளும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. இம்முறை 14 தகடுகளில் அறுவரும் ஒருமித்த தீர்ப்பைக் கூறினர். 22 தகடுகளில் நால்வரேனும் ஒத்துரைத்தனர். இரு சோதனைகளிலும் தகடுகள் வேறு, பார்த்தவர்கள் வேறு; ஆகவே ஒன்றை மற்றொன்றோடு நேருக்கு நேர் வைத்து அளப்பது முறையன்று. ஆயினும், கண்ணும் பயிற்சியால் பண்படும், பொதுவிதி இருந்தால் கருத்து வேற்றுமை குறையும் என்னும் நம்பிக்கையை இது அளித்தது.

குறையும் என்றேன், மறைந்துவிடும் என்று கூறவில்லை. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 115 நோயியல் மருத்துவர்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. பரவும் புற்றைப் பொறுத்தவரையில் அவர்களுடைய தீர்ப்பு வல்லுநர் குழுவின் தீர்ப்போடு நூற்றுக்கு 96 வீதம் ஒத்திருந்தது. இயல்பு திரிந்த பெருக்கத்திலோ நூற்றுக்கு 48 வீதமே ஒத்தது. வெளிப்படையான நோயைக் கண்டறிதல் எளிது; எல்லைக்கோட்டில் நிற்பதைக் கண்டறிதல் அரிது. ஆகவேதான் ஐயமுள்ள தகடுகளை மற்றொரு வல்லுநருக்கும் அனுப்பிக் கேட்பது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. 'எனக்கு ஐயமாக இருக்கிறது. தாங்களும் பாருங்கள்' என்று சொல்லத் தெரிந்த மருத்துவரே சிறந்த மருத்துவர்.

பேஜ் கண்ட முடிவுகளைப் பிறரும் தனித்தனியே சோதித்துப் பார்த்தனர். மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில் 9,087 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கும் இயல்பு திரிந்த பெருக்கமுடையவர்களுக்குப் பொதுமக்களைக் காட்டிலும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்று தெரிந்தது. இரண்டாவது வகையினருக்கு ஏறத்தாழ 1.9 மடங்கு, இது நாஷ்வில் நகரில் கண்ட எண்ணேயாகும். இனம் பிரித்து அறிந்ததனால் மருந்துக்கும் வழி பிறந்தது. டமாக்ஸிபென் என்னும் மருந்தைக் கொண்டு 13,000க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடத்திய சோதனையின் முடிவு 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. மொத்தத்தில் அம்மருந்து பரவும் புற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது; இயல்பு திரிந்த பெருக்கமுடைய பெண்களிடையிலோ நூற்றுக்கு 86 வீதம் குறைத்தது. அம்மருந்துக்குக் கருப்பைப் புற்று, இரத்தம் உறைதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே எல்லாருக்கும் அதனைக் கொடுத்தல் ஆகாது. எவருக்குப் பயன் மிகுதியோ அவருக்கே கொடுக்க வேண்டும். அவர் யார் என்று காட்டுவது அந்தக் கண்ணாடித் தகடே.

மாணவர்களே! நோயியல் அறிஞரின் தொழிலில் ஆரவாரம் இல்லை. நோயாளி அவருக்கு நன்றி கூற வருவதில்லை. அவர் பெயரையே அறிவதில்லை. இருட்டறையின் ஓரத்தில், நுண்ணோக்கியின் முன்னால் அமர்ந்து, அவர் நாள்தோறும் செய்வது ஒன்றே. ஒன்றுபோலத் தோன்றுபவற்றுள் வேற்றுமையைக் காண்கிறார். வேறுபட்டுத் தோன்றுபவற்றுள் ஒற்றுமையைக் காண்கிறார். கண்டதற்கு உரிய பெயரை இடுகிறார். நெல் நாற்றையும் களையையும் இளம்பருவத்திலேயே பிரித்தறியும் உழவனின் கண்ணுக்கு ஒப்பானது அவர் கண். எல்லாவற்றையும் பிடுங்கி எறிபவன் உழவன் அல்லன். எதனையும் பிடுங்காதிருப்பவனும் உழவன் அல்லன்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆகலாம். சிலர் ஆசிரியர் ஆகலாம். சிலர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எத்துறைக்குச் சென்றாலும், தெரியாததை ஒரே பெயரால் மூடிவிடாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கமும், விளைவு தெரியும்வரை காத்திருக்கும் பொறுமையும், அறிந்ததைப் பிறரும் அறியுமாறு எழுதி வைக்கும் கடமையும் உங்களுக்கு வேண்டியவை. 3,303 பெண்களின் வரலாற்றைத் தேடிச் சென்ற அந்தப் பேராசிரியரின் பணியிலிருந்து நாம் கற்கத்தக்கவை இவையே.

இன்னும் ஒன்று. வீட்டிலுள்ள தாயோ, பாட்டியோ, அத்தையோ, அக்காவோ மார்பகத்தில் கட்டி இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னால், படித்த பிள்ளைகளாகிய நீங்கள் இரண்டு செய்திகளை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். கட்டியெல்லாம் புற்று அன்று என்பது ஒன்று. ஆயினும் எந்தக் கட்டி எத்தகையது என்பதை வெறுங்கையால் தொட்டுப் பார்த்து நாமே முடிவு செய்துவிட முடியாது என்பது மற்றொன்று. முதல் செய்தி அச்சத்தைப் போக்கும். இரண்டாவது செய்தி அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். காலம் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.